நான்தான் கயிறு

— கொஞ்சம் மெதுவா போங்க அத்தான், பீரோ என் முட்டி மேல ஏறுது.

— மெதுவா போனா பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிக்கிறான், வேகமா போனா நீ அலர்றே. என்னதான் பண்ணச் சொல்றே மச்சான்? வண்டியை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு நடக்கட்டுமா?

— நடக்க வேணாம். திருப்பம் வந்தா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திருப்புங்க. போன திருப்பத்துல நான் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில போன சட்டை மாதிரி ஆயிட்டேன்.

— கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்குல்ல? அப்புறம் எப்படிடா நகரும்?

— கயிறா?

— ஆமா, கயிறு. காலையில சீட்டைக் கழட்டும்போது கேட்டேனே, கயிறு எடுத்தாச்சான்னு. பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினியே.

— கயிறு வீட்டு வாசல்லயே இருக்கு அத்தான். அக்கா அதுல துணி காயப் போட்டுட்டா. ஈரத்துணியை எல்லாம் எடுத்துத் தரையிலயா போடறது? அப்புறம் அவ வாயில யாரு விழறது?

— அடப் பாவி! அப்ப இவ்வளவு நேரமா பீரோவை எது பிடிச்சிட்டிருக்கு?

— நான்தான். நான்தான் கயிறு.

— கடவுளே! முதுகை என் சீட்டுல குடுத்து, காலால பீரோவைத் தள்ளிப் பிடிச்சிட்டு வர்றியா?

— ரெண்டு காலும், ஒரு தோளும். நடுநடுவுல தலையும்.

— பின் கதவாவது சாத்தியிருக்கா? காத்து வருதே.

— பீரோ ஒரு முழம் வெளிய நிக்குது. கதவு எப்படிச் சாத்தும்? இழுத்துக் கட்டியிருக்கேன்.

— கயிறே இல்லேன்னே. எதால கட்டினே?

— என் பெல்ட்டால.

— ரொம்ப அழகு. பின் கதவுக்கு உன் பெல்ட், உன் பேன்ட்டுக்கு ஆண்டவன் துணை.

— நான் எங்க எந்திரிக்கப் போறேன்? உக்காந்தே வர்ற பயணிதானே.

— பயணியாம் பயணி. அது சரி, கேக்கணும்னு நெனச்சேன், என்னடா இது சென்ட் வாசனை? சரக்கு ஏத்த வர்றவன் இஸ்திரி போட்ட சட்டையோட, தலையைப் படிய வாரிக்கிட்டு வந்திருக்கே.

— பயணின்னா பயணி மாதிரி இருக்கணும் அத்தான். அழுக்குச் சட்டையோட இருந்தா சுமை தூக்கறவன்னு நெனச்சிடுவாங்க. நம்ம தொழிலே அதுலதானே நிக்குது.

— அதுவும் உண்மைதான். யோசிச்சுப் பாத்தா சிரிப்பா வருது மச்சான். ஊர்ல எத்தனை வேன் இருக்கு? எவனுக்காவது இந்த மூளை வந்துச்சா? ஆள் ஏத்தற வண்டியில சரக்கு ஏத்தினாத்தானே குத்தம். கூடவே ஒரு ஆளை உக்கார வெச்சு, இது அவரோட சாமான்னு சொல்லிட்டா?

— பயணி தன் சாமானைக் கூட எடுத்துட்டுப் போகலாம். சட்டத்துலயே இருக்கு.

— சட்டத்துல இருக்கோ இல்லையோ, உன் வாயில இருக்கு. அது போதும். ஆமா, இன்னிக்கும் ஏன்டா இந்த ரோடு? வாய்க்கால் ரோட்டுல போயிருந்தா வண்டி செக் பண்ற அந்த நோட்டு மேடம் கண்ணுல படாமலே போயிருக்கலாம்.

— வாய்க்கால் ரோடு வெட்டிப் போட்டிருக்கு அத்தான்.

— போன வாரமும் அதையே சொன்னே.

— போன வாரம் வெட்டினது இடது பக்கம். இப்ப வலது பக்கம்.

— அப்படி என்னதான் தோண்டறாங்க? புதையலா? சரி, புதன்கிழமையாவது வந்திருக்கலாம். வியாழக்கிழமை ஆனா அந்தம்மா புளியமரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்துடறாங்க. நாமளும் வியாழக்கிழமை ஆனா பொண்ணு பாக்கப் போறவங்க மாதிரி கிளம்பிடறோம்.

— கடைக்காரங்க வியாழக்கிழமைதான் சரக்கு விடறாங்க. நான் என்ன பண்ணட்டும்?

— நீ ஒண்ணும் பண்ண வேணாம். இன்னிக்கு ஒரு நாள் தப்பிச்சா போதும். ரெண்டு தடவை எழுதிட்டாங்க மச்சான். மாவு மூட்டைக்கு ஒண்ணு, பெயிண்ட்டுக்கு ஒண்ணு. மூணாவது எழுதினா வண்டி மூணு மாசம் வீட்டுலதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துல வண்டிக்குக் கையெழுத்துப் போடறாங்க. பன்னெண்டு புள்ளைங்க, காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. அப்புறம் இந்தப் பீரோ, மூட்டை, ஒண்ணுத்துக்கும் நான் பல்லைக் காட்ட வேணாம்.

— தெரியும் அத்தான்.

— உனக்கு எங்க தெரியும்? நம்ம குட்டி இப்பவே முன் சீட்டுல தன் பேரை எழுதி ஒட்டிட்டா. எவனும் அதுல உக்காரக் கூடாதாம். வர்ற பயணியை எல்லாம், ஐயா கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அது என் பொண்ணு சீட்டுன்னு நான் கெஞ்சிட்டிருக்கேன்.

— அதான் அதைக் கழட்டாம விட்டுட்டோமே. மத்த பதினோரு சீட்டும் வாசல்ல கிடக்கு. அக்கா ஒண்ணுல உக்காந்து காய் நறுக்கிட்டிருந்தா.

— நறுக்கட்டும். இன்னிக்கு என்ன கதை, அதைச் சொல்லு முதல்ல. இன்னும் ரெண்டு நிமிஷத்துல புளியமரம் வந்துடும்.

— இன்னிக்கு... கதை ஒண்ணும் யோசிக்கல அத்தான்.

— என்னது?

— என்னோட பீரோன்னு சொல்லிடறேன்.

— இதெல்லாம் ஒரு கதையாடா? உன்னைப் பாத்தா பீரோ வாங்கற மூஞ்சியாவா இருக்கு? உனக்கு இருக்கறது ரெண்டு சட்டை, ஒரு ஆணி. ஒண்ணு உடம்புல, ஒண்ணு ஆணியில. மூணு கதவு பீரோவுல நீ எதை வெச்சுப் பூட்டுவே, ஆணியையா?

— ஒரு மனுஷன் பீரோ வாங்கக் கூடாதா?

— வாங்கலாம்டா, வாங்கலாம். நம்பற மாதிரி சொல்லு. மச்சினிக்குக் கல்யாணம், மாமியாருக்குப் பரிசு, ஏதாவது. தையல் மெஷினுக்கு என்னமா சொன்னே! நான் ஓட்டறதை மறந்துட்டு உன் வாயையே பாத்துட்டிருந்தேன்.

— எனக்கு ஏது அத்தான் மச்சினி?

— அடடா, இன்னிக்குன்னு பாத்து உனக்கு நியாயம் பிறந்துடுச்சா? இரு, இரு. வந்துட்டாங்க. நாற்காலியை விட்டு எந்திரிச்சிட்டாங்க.

— கை காட்டறாங்களா?

— காட்டாம? கும்பிடுவாங்களா?

— நிறுத்துங்க அத்தான், நிறுத்துங்க!

— பிரேக் போட்டா பீரோ வரும்டா!

— வந்தா வரட்டும், நிறுத்துங்க!

— பிடிச்சுக்கோ!

— அம்மா!

— மச்சான்? மச்சான்! உயிரோட இருக்கியா?

— இருக்கேன் அத்தான். மடிஞ்சிருக்கேன்.

— என் சீட்டே முன்னாடி வந்துடுச்சு. ஸ்டியரிங் நெஞ்சுல இடிக்குது. கை, கால் எல்லாம் எண்ணிப் பாரு.

— எண்ணிட்டேன். எல்லாம் இருக்கு. ஒரு செருப்பை மட்டும் காணோம்.

— வணக்கம். வண்டியை ஓரமா நிறுத்துங்க டிரைவர். பின்னாடி யாரு, நம்ம பயணி சாரா?

— வணக்கம் மேடம். ஆமா, நான்தான்.

— எங்க இருக்கீங்க? குரல் வருது, ஆளைக் காணோம்.

— பீரோவுக்கும் சீட்டுக்கும் நடுவுல பாருங்க. கை ஆட்டறேன்.

— தெரியுது, தெரியுது. சரி, அப்புறம்? இந்த வாரம் வீடு மாத்தறீங்களா?

— இல்ல மேடம். இது வந்து...

— இருங்க, நோட்டு எடுத்துக்கறேன். முதல் வாரம் பத்து நாற்காலி. வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னு சொன்னீங்க. ரெண்டாவது வாரம் மூணு தையல் மெஷின். உங்க சட்டை அடிக்கடி கிழியுது, ஒரு மெஷின் பத்தலைன்னு சொன்னீங்க.

— பாத்தீங்களா அத்தான், மேடம் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்காங்க!

— நோட்டுல வெச்சிருக்காங்கடா. சந்தோஷப்படற விஷயமா அது? வாயை மூடு.

— மூணாவது வாரம் இருபது சீலிங் ஃபேன். ஏன்னு கேட்டேன். எனக்கு ரொம்ப வேர்க்கும் மேடம்னு சொன்னீங்க.

— மறந்தே போயிட்டேன். நீங்க அப்ப சிரிச்சிட்டீங்க.

— சிரிக்கல. தும்மல் வந்துச்சு. நாலாவது வாரம் பன்னெண்டு மூட்டை மாவு. பசி அதிகம்னு சொன்னீங்க. அதுக்கு எழுதினேன். அஞ்சாவது வாரம் நாப்பது டப்பா பெயிண்ட், கூடவே தின்னர். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன்னு நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள, டிரைவர் அந்த டப்பா பக்கத்துலயே பீடி பத்த வெச்சாரு. அதுக்கும் எழுதினேன்.

— பதட்டத்துல பத்த வெச்சுட்டேன் மேடம். அன்னிக்கே விட்டுட்டேன். இப்ப பல்குச்சிதான் கடிக்கிறேன், பாருங்க.

— நல்லது. ஒரு பொறி பட்டிருந்தா இந்தப் புளியமரத்துக்குக் கூட விசாரணை வெச்சிருப்பாங்க. பயணி சார், கீழ இறங்குங்க.

— இறங்கறதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு மேடம்.

— என்ன?

— நான் காலை எடுத்தா பீரோ அத்தான் மேல போயிடும்.

— அப்ப நீங்கதான் அதைப் பிடிச்சிட்டு வந்தீங்களா? கயிறு போடலையா?

— வீட்டுல ஈரத்துணி மேடம். அது ஒரு பெரிய கதை.

— டிரைவர், நீங்க முதல்ல இறங்குங்க. பயணி சார், இப்ப நீங்க காலை எடுங்க.

— எடுத்துட்டேன். ஐயோ, வருது, வருது!

— இதுதான். பாத்தீங்களா? வண்டி நிக்குது. பிரேக் போட்டிருக்கு. ஒரு சின்ன சரிவு, அதுக்கே சீட்டை முட்டிட்டு நிக்குது. ஓடிட்டிருக்கும்போது எதிர்ல ஒரு மாடு வந்தா? பிரேக் போட்டா வண்டி நிக்கும், பீரோ நிக்காது. அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும். நடுவுல நீங்க ரெண்டு பேரும்.

— நாங்க பாத்து ஓட்டுவோம் மேடம்.

— எதைப் பாத்து? பின்னாடி பாக்கற கண்ணாடியில என்ன தெரியுது?

— பீரோவோட கால் தெரியுது மேடம். நாலும் நல்லாத் தெரியுது.

— சரி, அப்புறம்? பயணி சார், ஏன் ரெண்டு கையையும் இடுப்புலயே வெச்சிட்டு நிக்கறீங்க? என்னை மிரட்டறீங்களா?

— சேச்சே! பெல்ட் பின் கதவுல இருக்கு மேடம். கையை எடுத்தா மரியாதை போயிடும்.

— அவன் பொய் சொல்லல மேடம், நீங்க வேணா போய்ப் பாருங்க. பின் கதவைப் பாருங்கன்னு சொன்னேன்.

— பாத்தேன். இழுத்தா பிஞ்சிடும். இந்தக் கதவு ரோட்டுல திறந்து, பின்னாடி வர்ற சைக்கிள்காரர் மேல இந்தப் பீரோ விழுந்தா யார் பதில் சொல்றது? காப்பீடு இருக்கா?

— இருக்கு மேடம். போன மாசம்தான் புதுப்பிச்சேன்.

— எந்த வண்டின்னு சொல்லி எடுத்தீங்க?

— பயணிகள் வண்டின்னுதான்.

— அப்ப சரக்கு ஏத்திட்டு இடிச்சா அவங்க கையை விரிச்சிடுவாங்க. உங்க ஆஸ்பத்திரியும் உங்க தலையில, சைக்கிள்காரர் ஆஸ்பத்திரியும் உங்க தலையில. அது தெரியுமா?

— அரசல்புரசலாத் தெரியும் மேடம். ஆனா இது சரக்கு இல்ல. பயணியோட சாமான். டேய், சொல்லுடா.

— ஆமா மேடம். பயணி தன் சாமானை எடுத்துட்டுப் போகலாம்.

— போகலாம். மடியில வெச்சுக்கற சாமான், காலடியில வெச்சுக்கற சாமான். உங்களையே மடியில வெச்சுக்கற சாமான் இல்ல. யாரோட பீரோ இது?

— என்னோடது மேடம்.

— சரி, அப்புறம்?

— அவ்வளவுதான் மேடம். என்னோடது.

— என்ன இது? விருந்தாளி இல்லையா, வேர்வை இல்லையா, பசி இல்லையா?

— இல்ல மேடம். நிஜமாவே என்னோடது.

— கேட்டீங்களா டிரைவர்? ஆறு வாரத்துல இவர் சொன்னதிலேயே மட்டமான பொய் இதுதான்.

— நானும் அதைத்தான் சொன்னேன் மேடம், கொஞ்சம் நல்லாச் சொல்லுடான்னு... ஐயோ, என் வாய்! நான் ஒண்ணும் சொல்லல.

— நீங்க சொன்னதை நான் கேக்கவும் இல்ல. இருங்க, உள்ள ஏறிப் பாக்கறேன். மத்த சீட்டெல்லாம் எங்க?

— வீட்டுல இருக்கு மேடம். பத்திரமா இருக்கு.

— வாரா வாரம் கழட்டி, வாரா வாரம் மாட்டறீங்களா?

— ஆமா. நானே கழட்டி நானே மாட்டிடுவேன். மெக்கானிக்கே வேணாம்.

— ஒரு சீட்டுக்கு எத்தனை போல்ட்?

— நாலு. கழட்டி மாட்டறதுல சிலது தொலைஞ்சு போச்சு. ரெண்டு போட்டாலே கல்லு மாதிரி நிக்கும் மேடம். ஆட்டிப் பாருங்க.

— இதை ஆட்டட்டுமா? முன்னாடி, பேர் எழுதி ஒட்டியிருக்கே.

— இன்னிக்கு அது மட்டும் கழட்டல மேடம். அது என் பொண்ணு... மேடம்! பாத்து! மேடம்!

— ஒண்ணும் இல்ல. கையோட வந்துடுச்சு.

— கையோடயா?

— ஒரு கையால. இந்தாங்க, பிடிங்க. பீரோவை ஏத்தும்போது இதுல இடிச்சிருக்கீங்க, அடியில ஒரே ஒரு போல்ட்தான் இருந்திருக்கு. டிரைவர், என்கிட்ட இன்னொரு காகிதமும் வந்திருக்கு. திங்கட்கிழமையிலேருந்து இதுல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரப் போறாங்களாம். பன்னெண்டு பேர். நான் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் பள்ளிக்கூடத்துல போடுவாங்க. இந்தச் சீட்டுல உக்காரப் போறது யாரு?

— என் பொண்ணு மேடம்.

— எத்தனை வயசு?

— ஏழு. ஜன்னல் பக்கம் வேணும்னு அடம் பிடிச்சு அவளே ஒட்டினா.

— என்ன டிரைவர், அந்தப் போல்ட் ஓட்டையையே தடவிட்டிருக்கீங்க?

— அத்தான்? அத்தான், ஏன் சீட்டைப் பிடிச்சிட்டு அப்படியே நிக்கறீங்க?

— எழுதிக்கோங்க மேடம்.

— என்ன?

— எழுதிக்கோங்க. மூணாவது தடவைன்னு எழுதுங்க. இது அவன் பீரோ இல்ல. எவனோ ஒருத்தனோட பீரோ. வாடகைக்கு ஏத்தினேன். நாற்காலி, மெஷின், மாவு, எல்லாமே வாடகைக்குத்தான். இவன் பயணியும் இல்ல, என் மச்சான். பொய் சொல்றதுக்குன்னே கூட்டிட்டு வர்றேன். நான் பீரோவைக் காப்பாத்த என்னென்னமோ யோசிச்சேன் மேடம். என் புள்ள உக்கார்ற சீட்டை ஒரு தடவை ஆட்டிப் பாக்கணும்னு தோணவே இல்லையே. எழுதுங்க.

— அத்தான், அவசரப்படாதீங்க! இது என்னோட பீரோதான்!

— போதும்டா! அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே. இனிமே எதுக்கு இழுக்கறே?

— சத்தியமா என்னோடது அத்தான்! மேடம், எழுதாதீங்க. பில் இருக்கு.

— பில்லா? இத்தனை வாரத்துல முதல் தடவையா பில்னு ஒரு வார்த்தை உங்க வாயிலேருந்து வருது. காட்டுங்க.

— சட்டைப் பையில இருக்கு. கையை எடுக்க முடியாது மேடம். அத்தான், நீங்க எடுங்க.

— எனக்கு என்னடா தலையெழுத்து! இரு. சீப்பு இருக்கு, சென்ட் பாட்டில் இருக்கு... இந்தா, இதுவா? மூணு கதவு பீரோ ஒண்ணு. முழுப் பணமும் கட்டியாச்சு. வாங்கினவர்... டேய்!

— என்ன போட்டிருக்கு டிரைவர்?

— இவன் பேர் போட்டிருக்கு மேடம்! எங்க மாமனார் வெச்ச முழுப் பேரும் போட்டிருக்கு!

— குடுங்க, நானும் பாக்கறேன். ஆமா. முத்திரை சரியா இருக்கு. நேத்து தேதி. நல்ல குடும்பம்யா நீங்க. அஞ்சு வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னீங்க. இன்னிக்கு டிரைவர் உண்மையைச் சொன்னா அது பொய்யா இருக்கு. மச்சான் பொய் சொல்றார்னு பாத்தா அது உண்மையா இருக்கு. நான் எதை எழுதறது?

— எனக்கே புரியல மேடம். உங்க நாற்காலியில கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?

— உக்காருங்க. பயணி சார் எழுத வேணாம்னு சொல்றார். பில் அவர் பேர்ல இருக்கறதால வாடகைச் சரக்குன்னு இன்னிக்கு எழுத முடியாது. ஆனா கட்டாத சுமை, திறந்த கதவு, ஆடற சீட்டு, இதுக்கெல்லாம் அபராதம் உண்டு. அதுல ஒரு பைசா குறையாது.

— கட்டிடறேன் மேடம். இப்பவே கட்டிடறேன். மூணாவது...?

— மூணாவது இன்னிக்கு இல்ல. இனிமே இந்த வண்டியில ஒரு மாவுப் பொட்டலம் பாத்தாலும் உண்டு. சனிக்கிழமை காலையில பன்னெண்டு சீட்டும் மாட்டி, சீட்டுக்கு நாலு போல்ட், நாப்பத்தெட்டும் புதுசாப் போட்டு, மெக்கானிக் கையெழுத்தோட ஆபீசுக்குக் கொண்டு வாங்க. ஒவ்வொண்ணா நான் ஆட்டிப் பாப்பேன். ஒண்ணு ஆடினாலும் பள்ளிக்கூடக் காகிதத்துல கையெழுத்து இல்ல.

— ஆடாது மேடம்! பூகம்பம் வந்தாலும் ஆடாது. நீங்க நல்லா இருக்கணும். மச்சான், நம்ம குட்டி சீட்டுக்கு எட்டு போல்ட் போடறேன்டா நான்!

— நாலு போதும் டிரைவர். இந்தப் பீரோ இந்த வண்டியில இனி ஒரு அடி நகரக் கூடாது. சரக்கு வண்டி ஒண்ணை நானே கூப்பிடறேன். எங்க இறக்கணும்?

— சொல்லுடா. சந்தைக்கு அந்தப் பக்கம்னு சொன்னியே.

— அது வந்து... நானே சொல்லிக்கறேன் மேடம். நீங்க எதுக்குச் சிரமப்படணும்?

— சிரமம் இல்ல. பில்லுலயே இருக்கு. இறக்க வேண்டிய இடம்... டிரைவர், உங்க வண்டிக் காகிதத்துல இருக்கற விலாசமும் இதுவும் ஒண்ணா இருக்கே. மாடின்னு மட்டும் சேத்திருக்கு.

— எங்க வீட்டு மாடியா? இவன் இருக்கறதே அங்கதானே!

— கடை எங்க இருக்கு?

— கடை எங்க தெருவுக்குப் பின் தெரு மேடம். எங்க கொல்லைக் கதவைத் திறந்தா கடையோட பின் கதவு. ரெண்டு பேர் தூக்கினா பத்து நிமிஷம். டேய், அப்ப எதுக்குடா சீட்டைக் கழட்டி, என்னைக் கிளப்பி, ஊரையே ஒரு சுத்து சுத்தி இங்க கூட்டிட்டு வந்தே?

— வாய்க்கால் ரோடு வெட்டியிருக்குல்ல அத்தான், அதான்...

— வாய்க்கால் ரோடா? அதை மூடித் தார் போட்டு ஒரு மாசம் ஆகுதே. நானே தினமும் அதுலதான் வர்றேன்.

— ஒரு மாசமா? மேடம், இவன் இடது பக்கம், வலது பக்கம்னு எனக்குப் பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னான் மேடம்!

— பயணி சார், தலையை நிமிருங்க. உங்ககிட்ட எத்தனை சட்டை இருக்கு?

— ரெண்டு மேடம்.

— நீலம் ஒண்ணு, கோடு போட்டது ஒண்ணு. ஆறு வாரமா மாத்தி மாத்திப் பாக்கறேனே. ரெண்டு சட்டைக்கு எதுக்கு மூணு கதவு பீரோ?

— அத்தானுக்குக் கேஸ் வரக் கூடாதுன்னுதான் பில்லை என் பேர்ல போட்டேன் மேடம். கடையில இருந்ததிலேயே பெருசு எதுன்னு கேட்டு வாங்கினேன். தூரத்துலேருந்தே கண்ணுல படணும்னு.

— யார் கண்ணுல படணும்? மேடம், இவனுக்கு வெயில்ல மூளை கலங்கிடுச்சு. என்னடா உளர்றே?

— நீங்க சும்மா இருங்க டிரைவர். சரி, அப்புறம்?

— இந்த வாரம் யாருமே சரக்கு குடுக்கல மேடம். காலி வண்டியில வந்தா நீங்க கை காட்ட மாட்டீங்களே.